கொக்கி விட்ட தடம்

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் தோட்டாக்கா. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது கையெழுத்துப் போடுகிற இடத்தில் மட்டும் எட்டிப் பார்க்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ கிண்டலுக்கு வைத்தது இது. வைத்த ஆள் ஓய்வு பெற்றுப் போயே போய்விட்டார், பெயர் மட்டும் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டது. ஐம்பதைத் தாண்டியாயிற்று, இனிமேலா மாறப் போகிறது? அவளுக்கு அதில் வருத்தமும் இல்லை. ஒரு நாளில் யாராவது அவளை வாய்விட்டுக் கூப்பிடுகிறார்கள் என்றால் அது அந்தக் கட்டடத்துக்குள்தான். வீட்டில் கூப்பிட நாதி கிடையாது.

சுட்டுப்போட்ட தோட்டாவைப் பார்த்து, இதை எந்தத் துப்பாக்கி சுட்டது என்று சொல்வதுதான் அவள் வேலை. கேட்பவர்கள் ஆவென்று வாயைப் பிளப்பார்கள். மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. இரும்பு பித்தளையைத் தொட்டால் தழும்பு விழும், அவ்வளவுதான் விஷயம். அதிலும், சுட்டவுடன் காலித் தோட்டாவைத் தானே வெளியே தள்ளுகிற வேட்டைத் துப்பாக்கி என்றால் தழும்புக்குப் பஞ்சமே இல்லை. ஒரு ஊசி வந்து தோட்டாவின் அடியில் நடுவே குத்தும். ஒரு கொக்கி அதன் பித்தளை விளிம்பைக் கவ்விப் பின்னால் இழுக்கும். எதிர்ப்பக்கம் ஒரு சின்ன முனை அடியில் ஓங்கி உதைக்க, தோட்டா துப்பாக்கியின் பக்கவாட்டில் ஜன்னல் மாதிரி இருக்கிற திறப்பு வழியாகத் தெறித்துப் போய் விழும். குத்து, கவ்வல், உதை. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் இந்த மூன்றும் ஒவ்வொரு தினுசு. இரட்டை மைக்ராஸ்கோப்பில் இந்தப் பக்கம் ஒரு தோட்டா, அந்தப் பக்கம் ஒரு தோட்டா வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டும். கோடும் கோடும் பொருந்திவிட்டால் கதை முடிந்தது. அவள் சொன்னது ஒரு தடவைகூடத் தப்பானதில்லை என்று அந்தக் கட்டடத்தில் பேச்சு. அவள் மறுத்ததும் இல்லை.

அந்த வருஷத் தொடக்கத்தில் வந்ததுதான் கோழிக்காரர் வழக்கு.

ஊருக்கு வெளியே ஒரு கோழிப் பண்ணை. மனைவி இறந்து போன பிறகு அந்த மனிதர் பண்ணைக்குள்ளேயே ஒரு அறையில் தனியாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். பிள்ளை குட்டி கிடையாது. நரிக்கும் திருடனுக்குமாக லைசென்ஸ் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். ஒரு விடியற்காலை, மூடுபனி, பின்பக்க வேலியைத் தாண்டி ஒரு உருவம் வந்தது. கோழிக்காரர் சுட்டார். கிட்டே போய்ப் பார்த்தால், விழுந்து கிடந்தது அவருடைய சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவர். கோழிக்காரர்தான் போலீசுக்கும் போன் செய்தார், அவர்தான் பிணத்தின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்குச் சில வாரம் முன்னால் ஒரு கல்யாண வீட்டில் இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை. என்ன பேசினார்கள் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் கோழிக்காரர், “இனிமே என் வாசப்படிய மிதிச்சே, நடக்கறதே வேற!” என்று கத்தியது பந்தி வரை கேட்டிருக்கிறது. பண்ணையை ஒட்டிச் சகலைக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. போதாதா? எல்லைத் தகராறு, வன்மம், கொலை என்று போலீஸ் கதையைக் கட்டி முடித்துவிட்டது.

கோழிக்காரர் சொன்னது ஒரே விஷயம். “தினமும் சாயங்காலம் ஒரு தோட்டா போட்டு வெப்பேன். விடிஞ்சதும் எடுத்துடுவேன். அன்னிக்கு எடுக்கறதுக்குள்ள வேலிப்பக்கம் சத்தம். திருடன்னு நெனச்சுட்டேன்.”

யார் நம்புவார்கள்? தீவனம் ஏற்றி வரும் லாரி டிரைவர், எப்போது போனாலும் துப்பாக்கி காலியாகச் சுவரில்தான் தொங்கும் என்று சாட்சி சொல்லிவிட்டார். அவர் போனதெல்லாம் பகலில். அதை யாரும் கேட்கவில்லை. ஆகவே வருகிறவர் சகலை என்று தெரிந்த பிறகுதான் தோட்டாவை எடுத்துப் போட்டுச் சுட்டார் என்று வழக்கு. நிரூபணமானால் மிச்சமிருக்கிற ஆயுசு சிறையில்தான்.

அவளிடம் வந்தது துப்பாக்கி, புல்லில் கிடந்த காலித் தோட்டா, மீதித் தோட்டாக்கள் இருந்த தகர டப்பா. கேட்ட கேள்வி ஒன்றுதான்: இந்தத் தோட்டாவைச் சுட்டது இந்தத் துப்பாக்கியா? ஆமாம் என்று எழுதினாள். அதோடு பேனாவை மூடியிருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் அந்தத் தோட்டாவின் விளிம்பில் கொக்கியின் கவ்வல் தடம் ஒன்றல்ல, இரண்டல்ல, சுற்றிலும் நெருக்கியடித்துக்கொண்டு, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, விளிம்பே அரித்துப்போன மாதிரி இருந்தது. அவளுக்குத் தெரிந்து அப்படி இருப்பது ஒரே ஜாதித் தோட்டாதான். குறிபார்த்துச் சுடும் பந்தயக்காரர்கள் காலித் தோட்டாவை எறியாமல், மருந்தும் ரவையும் தாங்களே நிரப்பித் திரும்பத் திரும்பச் சுடுவார்கள். ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரு கவ்வல். இத்தனை வருஷத்தில் அவள் பார்த்த, இப்படிப் பல்வரிசை மாதிரித் தடம் விழுந்த தோட்டா எல்லாம் அவர்களுடையதுதான். அதனால் யோசிக்கவே இல்லை. “வீட்டில் மறுபடி நிரப்பிப் பலமுறை சுட்ட தோட்டாவாகத் தெரிகிறது” என்று ஒரு வரி, கேட்காமலே, சேர்த்து எழுதினாள்.

அந்த ஒரு வரியை வைத்து அரசு வக்கீல் மாடிவீடே கட்டிவிட்டார். கடையில் வாங்கிய தோட்டா அல்ல இது, கனம் பொருந்திய கோர்ட்டாரே! மனிதனைச் சாய்க்கிற பெரிய ரவையாகப் பார்த்துப் பொறுக்கி, உட்கார்ந்து, தன் கையாலேயே நிரப்பியிருக்கிறான்! இதைவிடத் திட்டம் என்ன வேண்டும்? பத்திரிகையில் படித்தபோது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. தன் வரியை யாரோ படித்திருக்கிறார்கள் அல்லவா?

*

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாடகை வீட்டின் சொந்தக்காரர் ஒரு பெயின்டரை அனுப்பி வைத்தார். கதவு, நிலை எல்லாவற்றுக்கும் புதுசாக வர்ணம் அடித்துத் தருவதாக ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

பெயின்டர் வாயாடி. வந்த வேகத்தில் தண்ணீர் கேட்டார், மின்விசிறியைப் போடச் சொன்னார், இந்தக் கட்டடத்தில் எந்த வீட்டுக்காரர் கஞ்சர் என்று பட்டியல் போட்டார். அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். அந்த வீட்டுச் சுவர்கள் இன்னொரு ஆளின் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! அம்மா இருந்தவரை, இருமலாவது கேட்டுக்கொண்டிருக்கும். அம்மா போன பிறகு முதல் வேலையாக அவள் வாசல் கதவுக்கு ஒரு சங்கிலி போட்டாள். பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூட ஒரு வீட்டில் தனியாகத் தூங்கியிராத மனுஷி. பயம் என்று வெளியே சொல்ல வெட்கம். சங்கிலி என்றால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

தங்கை மட்டும் கேட்டாள். தங்கையிடம் இந்த வீட்டுச் சாவி உண்டு. நினைத்தபோது வருவாள், சமையலறையை உருட்டுவாள், திட்டுவாள், போவாள். ஒரு நாள் பகலில் காய்ச்சலோடு சங்கிலியைப் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டாள் இவள். தங்கை சாவி போட்டுத் திறந்தால் கதவு ஒரு சாண்தான் விலகுகிறது. அந்தச் சந்துவழியாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். “என்னையே வெளிய நிறுத்திட்டியேக்கா” என்று போனில் சொன்னதோடு சரி. அதற்குப் பிறகு வருவதில்லை, போன்தான்.

பெயின்டர் உப்புத்தாளால் நிலையைத் தேய்த்துக்கொண்டே வந்தவர், சங்கிலி மாட்டும் இடத்தில் நின்றார்.

“ஏம்மா, இந்த வீட்ல எத்தனை பேரு?”

“எதுக்கு?”

“இல்ல, இங்க மட்டும் மரம் தெரியற அளவுக்கு அரிச்சிருக்கு பாருங்க. சங்கிலி உரசி உரசி. வாண்டுங்க நிறைய போல, எந்நேரமும் ஒண்ணு வெளிய போவும், ஒண்ணு உள்ள வரும்னு நெனச்சேன்.”

“வாண்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் ஒருத்திதான்.”

பெயின்டர் திரும்பிப் பார்த்தார். “ஒருத்தியா? ஒருத்தி போட்டு எடுத்ததா இவ்ளோ?”

“சாயங்காலம் போடுவேன். காலையில எடுப்பேன்.” அதோடு நிறுத்தியிருக்கலாம். ஏனோ வாய் சொல்லிவிட்டது. “சில நாள் போட்டோமா இல்லையான்னு சந்தேகம் வரும். எடுத்துட்டு மறுபடியும் போடுவேன்.”

“அது சரி!” பெயின்டர் சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை, சிரித்துவிட்டார், அவ்வளவுதான். “எங்க வீட்ல ஒரு பட்டாளமே இருக்கு. ஆனா எங்க கதவு புதுசாவே நிக்குது. பூட்டினாத்தானே தேயறதுக்கு? எப்பவும் எவனாவது ஒருத்தன் வீட்டுக்கு வர வேண்டியிருக்கும்.”

அவளுக்குச் சுருக்கென்றது. அதைவிடப் பெரிதாக இன்னொன்றும் உறைத்தது. தழும்பு நிறைய என்றால் ஆட்கள் நிறைய. அது பெயின்டர் போட்ட கணக்கு. கவ்வல் நிறைய என்றால் சூடு நிறைய. அது அவள் போட்ட கணக்கு. இரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்திருக்கிறார்கள். பெயின்டர் செய்தால் சிரித்துவிட்டுப் போகலாம். இவள் செய்ததில் ஒரு மனிதனின் கழுத்து மாட்டியிருக்கிறது.

“அம்மா, தண்ணி இன்னும் கொஞ்சம் கெடைக்குமா?” என்றார் பெயின்டர். அவள் காதில் விழவில்லை.

*

திங்கட்கிழமை மற்றவர்கள் வருவதற்கு முன்பே போய்ப் பெட்டக அறையிலிருந்து அந்தத் தோட்டாவை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். இந்தத் தடவை விளிம்பைப் பார்க்கவில்லை. உதையைப் பார்த்தாள்.

பலமுறை சுட்ட தோட்டா என்றால் கவ்வல் எத்தனையோ உதையும் அத்தனை இருக்க வேண்டும். சுடும்போது வருகிற வேகத்தில் அந்த முனை பித்தளையில் பள்ளமே பறித்துவிடும். இதில் உதை ஒன்றே ஒன்று. ஒன்றே ஒன்று! அந்தப் பள்ளத்தைத்தான் அவள் அன்றைக்கு எடுத்துப் பொருத்திப் பார்த்து, பொருந்திவிட்டது என்று திருப்தியாக எழுந்து போயிருக்கிறாள். வேறு உதை ஏன் இல்லை என்று அந்தப் புத்திக்குக் கேட்கத் தோன்றவில்லை. நடுவில் ஊசி குத்துகிற வெடிமூடியைச் சுற்றிப் பார்த்தாள். தொழிற்சாலையில் பூசிய சிவப்பு அரக்கு வட்டம் அப்படியே கலையாமல் இருந்தது. வீட்டில் நிரப்பினால் வெடிமூடியை மாற்றியாக வேண்டும், அப்போது முதலில் உடைவது அந்த அரக்குதான். இதை யாரும் நிரப்பவில்லை. கடையில் வாங்கியது, ஒரே ஒரு முறை சுட்டது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போல வந்தது.

தகர டப்பாவைக் கொட்டினாள். மீதித் தோட்டாக்கள் எல்லாம் பளபளவென்று புதுசு, ஒன்றில்கூடக் கீறல் இல்லை. ஆக, போட்டு எடுத்தது எப்போதும் அந்த ஒன்றைத்தான்.

அதே கம்பெனித் தோட்டா ஒன்றின் மருந்தை நீக்கிவிட்டு, கோழிக்காரரின் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தோட்டாவை ஜன்னல் வழியாகப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் துப்பாக்கி டக்கென்று மூடிக்கொண்டு, கொக்கி விளிம்பைக் கவ்விவிடும். பிறகு ஜன்னலுக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற சின்னக் கைப்பிடியைப் பின்னால் இழுத்து எடுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்துப் பார்த்தாள். தோட்டா தெறித்துத் தரையில் உருண்டது, அடியில் லேசாக உதைபட்ட தடம். கோழிக்காரருடையதில் சுட்டபோது விழுந்த அந்த ஒரு பள்ளத்தைத் தவிர இந்த லேசான தடம்கூட இல்லை. அப்படியானால் அவர் வெடுக்கென்று இழுத்ததில்லை. மெள்ள இழுத்துப் பார்த்தாள், இன்னும் மெள்ள, ஜன்னலுக்கு நேரே உள்ளங்கையைக் குழித்துப் பிடித்துக்கொண்டு. தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து பொம்மையை எடுக்கிற மாதிரி எடுத்தால்தான் உதை விழாமல் கையில் வந்தது.

போட்டாள், எடுத்தாள். போட்டாள், எடுத்தாள். சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்தவர்கள் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். கட்டைவிரல் சிவந்து தோல் உரிந்தது. ஒவ்வொரு டக்குக்கும் அந்த மனிதருக்கு ஒரு சாயங்காலம் போயிருக்கிறது. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு விடியல். கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, யாரும் வராத ஒரு ராத்திரியைக் கழித்துவிட்டு எழுந்து எடுத்து வைத்திருக்கிறார். மறுபடி, மறுபடி. பிற்பகல் முடிகிறபோது இரண்டு தோட்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டு விளிம்பும் ஒன்றுபோல் அரித்திருந்தன. அவளுக்கு அழுகை வந்தது. மைக்ராஸ்கோப்பில் கண்ணீர் பட்டால் லென்ஸ் கெட்டுவிடும் என்று தலையைத் திருப்பிக்கொண்டாள்.

*

டைரக்டர் நல்லவர். அதனால்தான் அவரிடம் பேசுவது இன்னும் கஷ்டமாக இருந்தது.

“தோட்டாக்கா… ஸாரி, மேடம். உங்ககிட்ட கேட்ட கேள்விக்கு நீங்க சொன்ன பதில் சரியா, தப்பா?”

“சரிதான் சார். கேக்காத கேள்விக்குச் சொன்னதுதான் தப்பு.”

“அப்ப விடுங்களேன். அந்த வரியை எதிர்த்தரப்பு வக்கீல் கேள்வி கேட்டா பாத்துக்கலாம்.”

“அவருக்குக் கேக்கத் தெரியாது சார். எனக்கே தெரியல.”

டைரக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “இன்னிக்கு நீங்க போய் மாத்திச் சொன்னா, நாளைக்கு நீங்க குடுக்கற ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் இதையே தூக்கிட்டு வருவாங்க. ‘அன்னிக்குப் பல்டி அடிச்சீங்களே, இன்னிக்கும் அடிப்பீங்களா’ன்னு. பழைய கேசெல்லாம் தோண்டுவாங்க. உங்களைக் கூண்டுல ஏத்தவே நான் யோசிக்கணும். இந்த வேலையை விட்டா உங்களுக்கு…” என்று ஆரம்பித்தவர், அதை முடிக்கவில்லை.

அவர் முடிக்காததை அவள் மனசுக்குள் முடித்துக்கொண்டாள். வேறு என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லைதான். காலையில் எழுந்து போக ஒரு இடம், அக்கா என்று கூப்பிட நாலு வாய், எல்லாம் இந்த வேலை கொடுத்தது.

“தெரியும் சார்,” என்றாள். “ஆனா தனியா இருக்கற ஆளுக்கு, தனியாத்தான் இருந்தான்னு சாட்சி சொல்ல யார் சார் வருவாங்க? ஆள் இருந்தா அவன் தனியாவே இருந்திருக்க மாட்டானே.”

டைரக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியதை எழுதச் சொன்னார்.

*

கூண்டில் ஏறினபோது கோழிக்காரரை அவள் முதன்முதலாகப் பார்த்தாள். இத்தனை நாளும் அவருடைய தோட்டாவைத்தான் பார்த்திருந்தாள். ஒல்லியான மனிதர், தலை குனிந்தே இருந்தது. கூடத்தின் அந்தக் கோடியில் சகலையின் மனைவி, கோழிக்காரருக்குக் கொழுந்தியாள், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

தோட்டாக்கா எல்லாவற்றையும் சொன்னாள். தான் எழுதிய வரி தப்பு என்றாள். நிரப்பிய தோட்டா இல்லை, கடைத் தோட்டா. சுட்டது ஒரு முறை. அதற்கு முன் பல மாதம், ஏன், வருஷக் கணக்கில்கூட இருக்கலாம், கையால் போட்டுக் கையால் மெள்ள எடுக்கப்பட்டிருக்கிறது. பெரிதாக்கிய படங்களை நீதிபதியிடம் கொடுத்தாள்.

அரசு வக்கீல் எழுந்து வந்தார். “ஆக, உங்க திறமைக்கு இது ஒரு சின்ன சறுக்கல், அப்படித்தானே?”

“சின்னது இல்ல சார். பெரிய தப்பு.”

“நல்லது. ஒரு மனுஷன் ஒரே தோட்டாவைத் தினமும் போடுவானாம், தினமும் எடுப்பானாம். எதுக்கு மேடம்? பொழுது போகாமலா?”

பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள்.

“எதுக்குன்னு தோட்டா சொல்லாது சார். போட்டாரு, எடுத்தாருன்னு மட்டும்தான் சொல்லும். அன்னிக்குக் காலையில ஆளைப் பாத்துட்டு டப்பாவுலேர்ந்து புதுசா எடுத்துப் போட்ட தோட்டா இல்ல இது. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்.”

நீதிபதி படங்களிலிருந்து தலையைத் தூக்கினார். “முதல்ல ஏன் அப்படி எழுதினீங்க?”

“இப்படி ஒருத்தர் இருப்பாருன்னு எனக்குத் தோணல ஐயா.”

“இப்ப எப்படித் தோணிச்சு?”

இந்தக் கேள்விக்கு அவள் தயாராக வரவில்லை. விஞ்ஞானமாக ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. கையில் உரிந்த தோல் எரிந்தது.

“எங்க வீட்டுக் கதவைப் பாத்து ஐயா. நானும் தனியாத்தான் இருக்கேன். எங்க வீட்டு நிலையில சங்கிலி மாட்டற எடமும் இப்படித்தான் அரிச்சிருந்துச்சு.”

பின்வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. அவளுக்குக் காது மடல் கொதித்தது. ஊர் உலகத்துக்கே தெரிந்துவிட்டது, போகட்டும். அப்போதுதான் கோழிக்காரர் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

*

இடைவேளையில் நடைவழிக் குழாயில் அவள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த பெஞ்சில் கோழிக்காரரை உட்கார வைத்து, காவலுக்கு வந்த போலீஸ்காரர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கோழிக்காரர் எழுந்தார்.

“அம்மா.”

போலீஸ்காரர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“மெதுவாத்தான் எடுத்தாருன்னு சொன்னீங்களே. அதுகூடவா அதுல தெரியுது?”

“தெரியுது. உதை விழவே இல்ல.”

“கீழ விழுந்தா சத்தம் வரும். கோழிங்க மெரண்டுடும்.” அதைச் சொல்கிறபோது அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. “அந்த ஒண்ணுதான் கைக்குப் பழகிடுச்சு. மத்ததெல்லாம் தொடவே தோணல.”

அவள் தலையாட்டினாள். அதோடு போயிருப்பாள். அவர்தான் குரலைத் தாழ்த்திக்கொண்டு மேலே சொன்னார்.

“சண்டை எல்லைக்காக இல்லம்மா. எந்த எல்லை, எந்த நெலம்? அவன் கேட்டிருந்தா பண்ணையையே குடுத்திருப்பேன். ஒரு நாள் விடியறதுக்கு முன்னாடி வந்தவன், தலைமாட்டுல துப்பாக்கியப் பாத்துட்டான். உள்ள தோட்டா இருக்கறதையும் பாத்துட்டான். கல்யாண வீட்டுல என்னைத் தனியா கூட்டிட்டுப் போயி, ‘சகலை, அதைப் பக்கத்துல வெச்சுட்டுப் படுக்காதே. ஒரு நாள் யாரையாவது சுட்டுடுவே. பயமா இருந்தா நம்ம வீட்டுக்கு வந்துடு, ஒரு கட்டில் போட மாட்டனா’ன்னான். மெதுவாத்தான் சொன்னான், யார் காதுலயும் விழாம. கத்தினது நான்தான். என்னைப் பயந்தாங்கொள்ளின்னுட்டான்னு ரோஷம் வந்துடுச்சு. என் வாசப்படிய மிதிக்காதேன்னுட்டேன்.”

அவள் கையில் டம்ளர் நிறைந்து வழிந்தது.

“அதான்மா அவன் பின்பக்கமா வந்தான். வாசப்படிய மிதிக்கக் கூடாதில்ல? சொன்ன சொல்லுக்கு மரியாதை குடுத்து, என்னை எட்டிப் பாத்துட்டுப் போக வேலியத் தாண்டி வந்தான். எத்தனையோ ராத்திரி யாராவது வந்துடுவாங்கன்னு போட்டு வெச்சேன். ஒருத்தனும் வரல. வந்தது அவன் ஒருத்தன்தான்.”

“இதை ஏன் நீங்க கோர்ட்ல சொல்லல?” என்றாள் அவள்.

“சொன்னா எனக்கு நல்லதுதான்னு வக்கீல் சொல்வாரு. ஆனா அதோ இருக்கே அந்தப் பொண்ணு,” கூடத்துக்குள் கொழுந்தியாள் இருந்த பக்கம் பார்க்காமலே கையைக் காட்டினார், “அது காதுபட எப்படிம்மா சொல்வேன்? உன் புருஷன் சொன்ன பேச்சை நான் கேட்டிருந்தா இன்னிக்கு இருந்திருப்பான்னு?”

போலீஸ்காரர் செருமினார். நேரமாகிவிட்டது. கோழிக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நல்ல பிள்ளையாக அவரோடு நடந்து போனார்.

*

கொலைக் குற்றம் நிற்கவில்லை. கவனக்குறைவால் உயிர் போனதற்கு என்று குறைந்த தண்டனை கொடுத்தார்கள். பாதியைக் கோழிக்காரர் ஏற்கெனவே உள்ளே கழித்துவிட்டார். அப்பீல் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். டைரக்டர் இதைச் சொல்லிவிட்டு, கொஞ்ச நாளைக்கு அவளைக் கூண்டில் ஏற்ற வேண்டாம் என்று மேலிடத்தில் சொல்லியிருப்பதையும் சொன்னார். அவள் சரி என்றாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தங்கைக்குப் போன் செய்தாள்.

“உங்கிட்ட இருந்த சாவி இருக்கா?”

“எங்கயோ இருக்கும். ஏன்க்கா, தொலைச்சுட்டியா?”

“இல்ல. சங்கிலியக் கழட்டப் போறேன். நீ எப்ப வந்தாலும் தெறக்கும்.”

தங்கை, “பாக்கலாம்க்கா. இந்த வாரம் தலைக்கு மேல வேலை கெடக்கு” என்றாள். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்றும் கேட்டாள். போனை வைத்துவிட்டாள்.

ஆபீஸ் பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். திருகாணிகள் புது வர்ணத்தில் இறுகிப்போயிருந்தன. தோல் உரிந்து ஆறிய கட்டைவிரலால் அழுத்தித் திருகிக் கழற்றினாள். சங்கிலியைப் பழைய செய்தித்தாளில் சுருட்டிக் குப்பையில் போட்டாள். நிலையில் ஓட்டைகள் மட்டும் நின்றன. பிறகு ஒரு நாற்காலியை இழுத்துக் கதவுக்கு நேரே போட்டு உட்கார்ந்தாள். பயமாகத்தான் இருந்தது. படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. ஏறி வந்து, அவள் கதவுக்கு வெளியே கொஞ்சம் தயங்கின மாதிரி இருந்து, மேல்மாடிக்குப் போய்விட்டது.

அன்றைக்கு யாரும் வரவில்லை. கதவு வெறும் பூட்டோடு, சாவி போட்டால் திறக்கிற நிலையில் இருந்தது.